ஏழாம் நம்பர் முட்டையும் வயித்துல ஒட்டியிருந்த மஞ்சப் பையும்

2025 மே 17, சனிக்கிழமை, விடியக்காலைல அஞ்சே முக்கால் இருக்கும். மூஞ்சி கூட கழுவாம டார்ச்சை எடுத்துக்கிட்டு நேரா இன்குபேட்டர் கிட்ட போனேன், ஏன்னா முந்தின நாள் சாயந்திரமே அஞ்சு ஆமை முட்டையில ஓட்டை விழுந்துருச்சு, ராத்திரி எனக்கு சரியா தூக்கமே இல்ல. மூடியைத் தூக்கிப் பார்த்தா மூணு குட்டி முழுசா வெளிய வந்து ஒன்னு மேல ஒன்னு ஏறி நடந்துக்கிட்டு இருக்கு, அதுங்க காலுக்கு அடியில ஏழாம் நம்பர் முட்டை ரெண்டா பொளந்து கிடக்கு, அந்தக் குட்டியும் பாதி வெளிய. அதோட வயித்துக்குக் கீழ மஞ்சளா, ஈரமா, ஒரு லிமாவ் காஸ்தூரி, அதான் குட்டி எலுமிச்சை, அந்த சைஸுக்கு ஒரு பை தொங்குது.

அப்படியே கை நடுங்கிருச்சு எனக்கு. அது என்னன்னு தெரியாம நடுங்கல, நல்லாத் தெரிஞ்சுதான் நடுங்குச்சு.

எங்க வீடு மலேசியாவுல, பினாங்கு மாநிலத்து புக்கிட் மெர்த்தாஜாம் பக்கம், பின்னால கொஞ்சம் மண்ணு இருக்குற பழைய தரைவீடு. மாமா கோலாலம்பூருக்கு அடுக்குமாடி வீட்டுக்கு மாறிப் போனப்போ அவரோட ரெண்டு சுல்காத்தா ஆமையும் பெர்மிட் மாத்தி எங்ககிட்ட வந்துச்சு, பொம்பளை வள்ளி, ஆம்பளை கந்தன். சுல்காத்தா நம்ம ஊரு ஆமை இல்ல, ஆப்பிரிக்காவுல சகாரா பாலைவனத்தோட தெக்கு ஓரத்துல இருக்குறது, கலாபகோஸ் ஆமை, அல்டாப்ரா ஆமை ரெண்டுக்கும் அடுத்து உலகத்துலயே பெரிய நிலத்து ஆமை இதுதான். தைப்பூசத்துக்கு மறுநாள், பிப்ரவரி 12, தண்ணீர்மலை முருகன் கோயில் தண்ணிப்பந்தல்ல நின்னு நின்னு காலு வீங்கி நான் வீட்டுல படுத்திருந்தேன், அம்மா பின்னால இருந்து சத்தம் போடுறாங்க, "வள்ளி சேத்துமண்ணைத் தோண்டிக்கிட்டே இருக்குடி, வந்து பாரு"ன்னு. போய்ப் பார்த்தா பின்னங்காலால அவ்வளவு பொறுமையா குழி தோண்டி 18 முட்டை போட்டு வச்சிருந்துச்சு, பிங்பாங் பந்து மாதிரி உருண்டையா வெள்ளையா.

அத்தனையையும் மேல்பக்கம் மாறாம எடுத்து, மேல பென்சில்ல நம்பர் போட்டு வச்சேன். கோழி முட்டையைத் தான் திருப்பித் திருப்பி வைக்கணும், ஆமை முட்டையைத் திருப்பவே கூடாது, போட்டு ஒரு நாள்லயே கரு ஓட்டோட மேல்பக்கம் ஒட்டிக்கும், அதுக்கப்பறம் உருட்டினா உள்ளயே செத்துரும். இன்குபேட்டர்னு நான் சொல்றது ஒன்னும் பெரிய மிஷின் இல்ல. பசார்ல மீன்காரர் ஐஸ் போட்டு வைப்பாரே வெள்ளை நுரைப்பெட்டி, அதுல நாலு இஞ்ச் தண்ணி, மீன்தொட்டி ஹீட்டர் 31 டிகிரில, நடுவுல ரெண்டு செங்கல்லு, செங்கல்லு மேல ஐஸ்கிரீம் டப்பாவுல ஈரமான வெர்மிகுலைட் (ஈரத்தைப் புடிச்சு வைக்கிற கல்லுத் துகள்), அதுல முட்டை. மூடியில ஒரு பக்கம் குச்சியைக் கொடுத்து சாய்வா வச்சிருப்பேன், இல்லன்னா வேர்த்த தண்ணி முட்டை மேலயே சொட்டும். அவ்வளவுதான். 94ஆவது நாள்ல ஏழாம் நம்பர் இப்படி வந்து நின்னுச்சு.

அந்தப் பை என்னன்னு சொல்லிடறேன். முட்டைக்குள்ள இருக்குற குட்டிக்கு சாப்பாடே மஞ்சக்கருதான், அது ஒரு மெல்லிசான பைக்குள்ள இருக்கும், குட்டியோட தொப்புள் வழியா குடலோட சேர்ந்திருக்கும். பொரியுற நேரம் வந்ததும் மூக்கு நுனியில இருக்குற முட்டைப் பல்லால ஓட்டைக் குத்தி ஒரு ஓட்டை போடும், போட்டுட்டு உடனே வெளிய வராது, அப்படியே தலையை மட்டும் காட்டிக்கிட்டு ஒரு நாள் ரெண்டு நாள், சிலது மூணு நாலு நாள் கூட உக்காந்திருக்கும். பாக்குறவங்களுக்கு பாவம் மாட்டிக்கிச்சு போலன்னு தோணும். மாட்டிக்கல்ல, அந்த நேரத்துலதான் மிச்சம் இருக்குற மஞ்சக்கருவை பையோட உள்ள இழுத்துக்கிட்டு இருக்கு, குறுக்கால மடிஞ்சிருக்குற அடிஓடும் மெதுவா நிமிருது. எல்லாம் முடிஞ்சதும் தானா நடந்து வெளிய வரும். கோழிக்குஞ்சும் இப்படித்தான் மஞ்சக்கருவை வயித்துக்குள்ள இழுத்துட்டு வெளிய வருது. ஏழாம் நம்பரை அதோட அண்ணன் அக்காங்களே மிதிச்சு ஓட்டைப் பொளந்து வெளிய தள்ளிட்டாங்க. நானும் முந்தின நாள் ஆசையில பத்து தடவை மூடியைத் தொறந்து பார்த்தேன், அதுல ஈரம் குறைஞ்சு ஓடு காய்ஞ்சிருக்கும்னு இப்பவும் உறுத்துது.

ஏன் அவ்வளவு பயந்தேன்னா, 2023ல வள்ளி போட்ட மொத முட்டைகள்ல ஒன்னு ஓட்டை போட்டுட்டு ஒரு நாள் முழுக்க வெளிய வரல. நான் மூச்சு முட்டுதோன்னு நெனச்சு நகத்தால ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமா பிச்சு எடுத்தேன். உதவி பண்றேன்னுதான் பண்ணேன். வெளிய வந்தப்போ இதே மாதிரி பை, நான் அதை காய்ஞ்ச டிஷ்யூ மேல வச்சுட்டேன், ஒரு மணி நேரத்துல பை டிஷ்யூவோட ஒட்டிக்கிச்சு, குட்டி நகர்ந்துச்சு, கிழிஞ்சிருச்சு. மஞ்சத் தண்ணி டிஷ்யூ முழுக்க ஊறிப்போச்சு. ரெண்டு நாள் உயிரோட இருந்து மூணாம் நாள் காலையில போயிருச்சு. செம்பருத்திச் செடிக்கு அடியில புதைச்சேன். அதை யாருகிட்டயும் அதிகம் சொன்னதில்ல.

அதனால இந்தத் தடவை மொதல்ல செஞ்ச வேலை, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா நின்னேன். நிஜமாத்தான் சொல்றேன். அப்பறம் கையை சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு, வெளிய வந்துட்ட மூணையும் வேற டப்பாவுக்கு மாத்தினேன். ஏழாம் நம்பருக்கு, அம்மா அலமாரியில வச்சிருந்த சீனத் தேத்தண்ணி குடிக்கிற குட்டி மங்கு ஒன்னை எடுத்து சுடுதண்ணியில கழுவி, உள்ள டிஷ்யூவை மடிச்சு, கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியில நல்லா நனைச்சு மெத்து மெத்துன்னு போட்டேன். வெர்மிகுலைட் மேல விடக்கூடாது, மண்ணு கூடாது, அந்தத் துகள் பையில ஒட்டினா அதையும் சேர்த்து உள்ள இழுத்துக்கும், இல்லன்னா உரசிக் கிழிக்கும். மங்கு ஏன்னா, குட்டியோட ஓடு நாலரை செண்டிமீட்டர், மங்கு வாய் ஆறு செண்டிமீட்டர், உள்ள உக்கார வச்சா திரும்ப முடியும் ஆனா நடக்க முடியாது. நடந்தா பை தரையில இழுபடும், அதான் பெரிய ஆபத்து. தூக்குறப்போ மேல்ஓட்டைப் புடிச்சு தூக்கல, ஈரமான உள்ளங்கையை அடியில கொடுத்து பையும் சேர்ந்து கையில உக்கார்ற மாதிரி எடுத்தேன். பாதி முட்டை ஓடு பின்பக்கம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதைத் தொடவே இல்ல. அது தானா விழட்டும்.

கிட்டக்க பார்த்தப்போ அந்தப் பை எவ்வளவு உயிரா இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. தோலு வெங்காயத் தோலை விட மெல்லிசு, உள்ள கோழி மஞ்சக்கரு கலர்ல கெட்டியா, மேல சிவப்பு நரம்பு மரத்து வேர் மாதிரி கிளை கிளையா பிரிஞ்சு ஓடுது, டார்ச்சைப் பக்கத்துல வச்சா நடுவுல இருக்குற தடிச்ச நரம்பு லேசா துடிக்கிறது தெரியும். குட்டி கண்ணை மூடிக்கிட்டு கழுத்தை நீட்டி மங்கு விளிம்புல தாடையை வச்சுக்கிட்டு இருந்துச்சு, ரொம்ப தூரம் நடந்து வந்த பெரியவங்க திண்ணையில சாய்ஞ்சு உக்காருவாங்களே அப்படி.

எட்டரை மணிக்கு மேல போன் பண்ண ஆரம்பிச்சேன். மொதல்ல ஒரு கிளினிக்ல போனை எடுத்தவங்க, பேரெல்லாம் வேணாம், "நூலால கட்டி கட் பண்ணிடலாம், கொண்டு வாங்க"ன்னு சொன்னாங்க. அது சாதாரணமா பண்ற காரியம் இல்ல, பை கிழிஞ்சோ அழுகியோ போனா ஊர்வன பாக்கத் தெரிஞ்ச டாக்டர் ஆபரேஷன் மாதிரி பண்றது, நல்லா இருக்குற பையை வெட்டினா அடுத்த பல நாளுக்கான சாப்பாட்டையும், தாய்கிட்ட இருந்து வந்த நோய் எதிர்ப்பு சக்தியையும் சேர்த்து வெட்டி எறியிற மாதிரி. பத்து மணி வாக்குல பினாங்குத் தீவுப் பக்கம் இருக்குற இன்னொரு டாக்டர் போன்ல கிடைச்சாங்க. போட்டோ வீடியோ எல்லாம் அனுப்பினேன். அவங்க சொன்னது இவ்வளவுதான்: பை முழுசா இருக்கு, கலர் நல்லா இருக்கு, பாலத்தைத் தாண்டி குலுக்கிக் கொண்டு வராதீங்க, சூடு 30, 31ல வைங்க, ஈரம் காய விடாதீங்க, சாப்பாடு கொடுக்காதீங்க, தண்ணியில முக்காதீங்க, காலையில ஒரு தடவை சாயந்திரம் ஒரு தடவை மட்டும் பாருங்க. கெட்ட வாடை வந்தா, பை பச்சையா கருப்பா மாறினா, தொப்புளைச் சுத்தி சிவந்து வீங்கினா, நாலஞ்சு நாளாகியும் சுருங்கவே இல்லன்னா, இல்ல லேசா கிழிஞ்சு ஒழுகினா கூட, அப்போ நேரம் பாக்காம உடனே கொண்டு வாங்க. காசு கூட வாங்கல அவங்க.

அம்மாவுக்கு மனசு கேக்கல. "கொஞ்சம் மஞ்சள் தடவுடி, எந்தப் புண்ணுக்கும் மஞ்சள் தான்"னு ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. இது புண்ணு இல்லம்மா, நான் பொறந்தப்போ தொப்புள்கொடி இருந்துச்சே அந்த மாதிரி, அதுல மஞ்சள் தடவினா தோலு காய்ஞ்சு வெடிச்சிரும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. அப்பறம், "உனக்கு ஒம்பதாவது நாள்ல விழுந்துச்சு, தோட்டத்துல ஆயா தினமும் வந்து பாத்துட்டு தொடாதே தொடாதேன்னு சொல்லிட்டுப் போகும்"னு சொன்னாங்க. அதுக்கப்பறம் மஞ்சள் பேச்சே எடுக்கல, டிஷ்யூ நனைக்கிற தண்ணியைத் தினமும் அவங்களே கொதிக்க வச்சு ஆற வச்சு மூடி வச்சாங்க.

ரெண்டாம் நாள் சாயந்திரம் தான் நெனைக்காத ஒன்னு நடந்துச்சு. எறும்பு. பெட்டிக்குள்ள அடியில முழுக்க தண்ணி, எறும்பு எப்படி வரும்னு தைரியமா இருந்தேன், ஆனா ஹீட்டர் ஒயரு வெளிய இருந்து உள்ள போகுதே, அந்த ஒயரு மேலயே செவ்வெறும்பு ஒரு வரிசையா ஏறிக்கிட்டு இருக்கு. மஞ்சக்கரு வாசனைக்கு எறும்பு எவ்வளவு தூரத்துல இருந்தும் வரும், ஒரு பத்து எறும்பு போதும் அந்தத் தோலைக் கடிச்சு ஓட்டை போட. நல்லவேளை மங்கு வரைக்கும் போகல. ஒயரைத் துடைச்சு ஒரு சாண் நீளத்துக்கு வாஸ்லின் கெட்டியா தடவினேன், அம்மா போய் நாலு பழைய கிண்ணம் எடுத்துட்டு வந்து மேசையோட நாலு காலுக்கும் அடியில தண்ணி ஊத்தி வச்சாங்க, தோட்டத்து வீட்டுல சாப்பாட்டு அலமாரிக்கு வைப்பாங்களே அதே மாதிரி. ஒயரையும் மேசைக் காலோட சுத்தி கிண்ணத்துத் தண்ணிக்கு மேலயே போற மாதிரி கட்டிட்டேன். பிளக்கு கிட்ட இன்னொரு தடவை வாஸ்லின். நம்ம ஊருல இதை வளர்க்குறவங்க சூடு ஈரம் பத்தி எல்லாம் பேசுவாங்க, எறும்பைப் பத்தி யாரும் எனக்குச் சொன்னதே இல்ல, அதனாலதான் இவ்வளவு நீட்டி எழுதுறேன். பல்லியும் அப்படித்தான், மூடியில குச்சி வச்ச சந்துல நெட்டு துணி ஒட்டிட்டேன்.

மூணாம் நாள் ராத்திரி நல்ல இடி மழை, ரெண்டு மணிக்கு கரண்ட் போயிருச்சு. பெட்டி நுரைங்கிறதால சூடு உடனே இறங்கல, இருந்தாலும் ரெண்டு தண்ணி பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி துணி சுத்தி செங்கல்லுக்குப் பக்கத்துல நிக்க வச்சேன். நாலரைக்கு கரண்ட் வந்தப்போ உள்ள 28 சொச்சம். பயப்படுற அளவு இல்ல. ஆனா அந்த ரெண்டரை மணி நேரமும் நான் சமையல்கட்டுலயே உக்காந்திருந்தேன்.

மத்தபடி ஒன்னுமே பண்ணல, அதுதான் கஷ்டம். காலையில மூடியைத் தொறப்பேன், ஊசி இல்லாத சிரிஞ்சால டிஷ்யூ ஓரத்துல வெதுவெதுப்பான தண்ணி அஞ்சாறு சொட்டு விடுவேன், பை மேல நேரா விடமாட்டேன், குனிஞ்சு மோந்து பார்ப்பேன், வாடை இல்லன்னா மூடிருவேன். சாயந்திரமும் அதேதான். டிஷ்யூவை தினமும் மாத்தணும், அதுக்கு மட்டும் ரெண்டு பேரு வேணும், நான் ஈரக்கையில குட்டியை ஏந்திக்குவேன், என் மகன் பழசை எடுத்துட்டு புதுசை வைப்பான். எட்டு வயசு தான் அவனுக்கு, அந்த ஒரு நிமிஷம் மூச்சு விடாம வேலை பார்ப்பான்.

திங்கக்கிழமை சாயந்திரம் பை சின்னதாயிருக்கோன்னு ஒரு சந்தேகம். செவ்வாக்கிழமை சந்தேகமே இல்ல, லிமாவ் காஸ்தூரி கொண்டைக்கடலை ஆயிருச்சு, அன்னைக்கே பின்பக்கம் ஒட்டியிருந்த ஓடும் தானா கழண்டு டிஷ்யூல கிடந்துச்சு. அடிஓடு நிமிர்ந்து அந்தக் குறுக்கு மடிப்பு ஒரு கோடா தான் தெரிஞ்சுச்சு. வியாழக்கிழமை பட்டாணி கூட இல்ல, ஒரு கொத்தமல்லி விதை அளவுக்கு மேடு. வெள்ளிக்கிழமை காலையில, மே 23, அடிஓட்டு நடுவுல ஒரு சின்னக் கீறல் மட்டும், கண்ணு மூடினா இமை சேருற இடம் இருக்கே அந்த மாதிரி. மகன் தான் மொதல்ல பார்த்தான். "அம்மா, தொப்புள் மூடிக்கிச்சு"ன்னு கத்தினான், உள்ள இருந்து பாட்டி ஓடி வந்தாங்க.

அதுக்காக உடனே மண்ணுல விடல. கீறல் நல்லா ஆறுற வரைக்கும் இன்னும் ஒரு வாரம் டிஷ்யூ தான், மங்குல இருந்து ஒரு சாப்பாட்டு டப்பாவுக்கு மாத்தினேன், அவ்வளவுதான் வித்தியாசம். பை உள்ள போனதும் குளிப்பாட்ட ஆரம்பிச்சேன், தட்டுல வெதுவெதுப்பான தண்ணி, ஓட்டோட கீழ் விளிம்பு நனையுற அளவு, பதினஞ்சு இருபது நிமிஷம், தினமும். மொத நாள் தண்ணியில விட்டதும் தலையைக் கீழ கவுத்து கண்ணை மூடிக்கிட்டு குடிச்சுச்சு பாருங்க, தொண்டை ஏறி இறங்குறது மட்டும்தான் அசைவு, மூணு நிமிஷம் குடிச்சிருக்கும். பாலைவனத்து ஆமைன்னு குட்டியைக் காய வச்சு வளர்க்குறவங்க இன்னும் இருக்காங்க, அது தப்பு, அங்கயும் குட்டிங்க ஈரமா இருக்குற குழிக்குள்ள தான் பதுங்கும், காய வச்சு வளர்த்தா முதுகு ஓடு கூம்பு கூம்பா எழும்பிரும்.

மத்த குட்டிங்களைப் பத்தி கேட்டீங்கன்னா, 18ல 14 பொரிச்சுச்சு, எல்லாம் நல்லா இருக்கு. வனவிலங்கு இலாகா பெர்ஹிலித்தான்ல சொல்லி பேப்பர் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் யாருக்கும் கொடுப்பேன். இதுக்கு நடுவுல ரெண்டு மூணு பேரு ஆள் மூலமா நட்சத்திர ஆமை கிடைக்குமான்னு வேற கேக்குறாங்க. அது நம்ம பூர்வீக மண்ணுல, தமிழ்நாட்டுலயும் ஆந்திராவுலயும் காட்டோரத்துல வாழுற ஜீவன், சாக்குலயும் சூட்கேஸ்லயும் அடைச்சு சென்னையில இருந்து இங்க கடத்திக்கிட்டு வந்து பிடிபட்டது எத்தனை தடவை பேப்பர்ல வந்திருக்கு, வனவிலங்கு வியாபாரத்துக்கான உலக ஒப்பந்தம் சைட்டிஸ்ல, வியாபாரத்தைத் தடுக்குற முதல் அட்டவணையில 2019ல இருந்து இருக்கு. என்கிட்ட கேக்காதீங்க, வேற யாருகிட்டயும் வாங்காதீங்க, தயவு செஞ்சு.

ஏழாம் நம்பருக்கு மகன் வச்ச பேரே "ஏழு" தான். மத்ததெல்லாம் ரெண்டு மூணு நாள்லயே சாப்பிட ஆரம்பிச்சப்போ இது மட்டும் எதையும் தொடல, டாக்டர்கிட்ட கேட்டேன், உள்ள இழுத்த மஞ்சக்கரு தீரட்டும், பசி வரும்போது சாப்பிடும்னாங்க. மே 30, காலையில குளிச்சு முடிச்சதும் பின்னால இருந்து செம்பருத்திக் கொழுந்து ஒன்னு பறிச்சுட்டு வந்து துண்டு துண்டா கிள்ளிப் போட்டேன், ஒரு இதழையும் சேர்த்து. மொதல்ல மோந்துச்சு. அப்பறம் வாயைத் தொறந்துச்சு, உள்ள ரோஸ் கலர்ல நாக்கு, இலைக்கு ஒரு விரக்கடை முன்னாலயே கடிச்சு காத்தைத் தான் கடிச்சுச்சு. ரெண்டாவது தடவையும் அப்படித்தான். மூணாவது தடவை இதழ் ஓரம் பட்டுச்சு, முன்னங்காலை ஊனி தலையைப் பின்னால இழுத்துப் பிச்சுச்சு, கடிச்ச இடத்துல பிறை மாதிரி ஒரு வெட்டு. வாய் ஓரமெல்லாம் சிவப்பு.

அம்மா சமையல்கட்டுத் தராசைக் கொண்டு வந்து டிஷ்யூ போட்டு மேல வச்சாங்க. 33 கிராம். மகன் அதைக் காலண்டர்ல மே 30 கட்டத்துல சின்னதா எழுதி வச்சிருக்கான்.